கழுவின கால்

தாழை வேறு, தாழ்மை வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குப் பிரசங்கம் வைக்க வருகிற வெளியூர்ச் சாமிமார் சிலர் பெரியதாழை என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, “உங்கள் ஊர்ப் பெயரிலேயே தாழ்மை இருக்கிறது” என்று ஆரம்பிப்பார்கள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவோம். தாழை கடற்கரையில் முள்ளும் மடலுமாக நிற்கிற செடி. பூவுக்கு நல்ல வாசம்தான். பறிக்கக் கையை விட்டால் கீறிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குணம்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல் நாங்கள் நாலைந்து பேர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, பெரிய வியாழன் பூசைக்கு வந்து நின்றது. ஒருவர் கேட்டார்: “ஆண்டவர் ஆண்டவர்ங்கோம். ஆண்டவர்னா ஆளுகிறவர். அவரு துண்டக் கட்டிக்கிட்டு ஊரான் காலக் கழுவுனாருன்னா, அந்த நேரத்துல அவரு ஆண்டவரா, வேலைக்காரரா? ஏதாவது ஒண்ணு சொல்லும் வே.”

ஒருவர், “அது சும்மா ஒரு மாதிரி காட்டினது. வாத்தியார் பலகையில எழுதிக் காட்டுவாருல்லா, அது மாதிரி” என்றார். இன்னொருவர், “அந்த நேரம் ஆண்டவருங்கிற பட்டத்தைக் கழட்டி வச்சிட்டாரு. அப்புறம் உயிர்த்தெழுந்த பிறகு எடுத்துக்கிட்டாரு” என்றார். நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசாததற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்று மட்டும் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன்.

அதில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு இடம் இருக்கிறது. கால்களைக் கழுவி முடித்ததும் அவர் மேலாடையைத் திரும்ப உடுத்திக்கொள்கிறார். பழைய இடத்திலேயே போய் அமர்கிறார். அமர்ந்த பிறகு, நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் கூப்பிடுகிறீர்களே, அது சரிதான், நான் அவர்தான் என்ற கருத்தில் பேசுகிறார். “சேச்சே, நான் என்ன பெரிய ஆள், என்னைப் போய் ஆண்டவர் என்கிறீர்களே” என்று நம்மைப்போல் நெளியவில்லை. பட்டத்தைக் கழற்றி வைக்கவும் இல்லை. ஆண்டவராக இருந்துகொண்டேதான் கழுவினார். அதனால்தான் இராயப்பருக்கு அவ்வளவு பதற்றம். ஒரு வேலைக்காரன் வந்து காலைக் கழுவியிருந்தால் அவர் பேசாமல் நீட்டியிருப்பார்.

இராயப்பர் நம்ம ஆள். வலைத்தொழில் செய்தவர். கால் பித்தவெடிப்பும் உப்பு அரித்த புண்ணுமாக இருந்திருக்கும். ‘என் காலையா, நடக்காது’ என்கிறார். பணிவாகச் சொல்வதுபோல் தெரியும். எனக்கு அது பணிவாகத் தெரியவில்லை. யார் யாருடைய காலைக் கழுவலாம் என்று ஒரு ஒழுங்கு அவர் மனதில் இருக்கிறது. அந்த ஒழுங்கு கலைந்தால் நாளைக்குத் தானும் இன்னொருவன் காலடியில் உட்கார வேண்டிவரும். நம் ஊர்களில் ‘அய்யய்யோ, நீங்க போயி’ என்று பதறுகிற பதற்றத்தில் பாதி இந்த வகைதான். அதே பந்தியில் யூதாசும் இருந்தான் என்பதை மறக்கக்கூடாது. அவன் காலும் கழுவப்பட்டது. அவன் வேண்டாம் என்று சொன்னதாக எழுதவில்லை.

சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்திலும் இதே கணக்குத்தான். கடவுள் தன்மையில் இருந்தவர் தன்னை வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார், சிலுவைச் சாவு வரைக்கும் இறங்கினார், ஆகவே எல்லா நாவும் அவரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் என்று போகிறது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த ‘ஆகவே’ என்ற சொல்லை. அவர் இறங்கினது ஒரு கதை, ஆண்டவரானது வேறொரு கதை என்று பிரிக்க அந்தச் சொல் விடாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவன் நான். கூட்டல் கழித்தலைத் தனித்தனிப் பேரேட்டில் எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

நம்முடைய மொழியில் இந்த ஆண்டவர் என்கிற சொல் வந்த வழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் நம்முடைய கரைக்காக அச்சான புத்தகம் என்பதை நம் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சாயிற்று. மொத்தம் 16 பக்கம். என்றிக்கே என்றிக்கஸ் என்ற சேசுசபைக் குருவானவர், நாம் அண்டிரிக் அடிகளார் என்று சொல்கிறவர், தமிழில் கொண்டுவந்தார். முத்துக்குளித்துறை மக்கள் அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தார்கள். சங்கு முத்து எடுத்து, மூச்சடக்கிச் சம்பாதித்த பணம். புத்தகத்தின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அதன் பிரதி ஒன்று இன்றைக்கு அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

தம்பிரான் என்றால் தலைவன், ஆண்டவன். சைவ மடங்களில் துறவிகளையும் தம்பிரான் என்றே அழைப்பார்கள். ஆளுகிறவனுக்கும் எல்லாவற்றையும் விட்டவனுக்கும் ஒரே சொல்! அண்டிரிக் அடிகளார் இதையெல்லாம் யோசித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு மக்கள் வாயில் இருந்த சொல்லை எடுத்திருப்பார். பிறகு சர்வேசுரன் வந்தது. நாங்கள் சிறுவயதில் ‘சர்வேசுரா சுவாமி’ என்று ஜெபம் சொல்லி வளர்ந்தவர்கள். சபைக்காரர்கள் கர்த்தர் என்றார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஆண்டவர் என்று ஆகிவிட்டது. பேரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். மாற்றாத ஒன்று உண்டு. அது ‘நீர்’.

இதைப் பற்றி எனக்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுத ஆசை. கடவுளை நாம் ‘நீங்கள்’ என்று கூப்பிடுவதில்லை, அது கலெக்டருக்கு. ‘நீ’ என்றும் ஜெபத்தில் கூப்பிடுவதில்லை. பாட்டில் வரும், அம்மாவிடம் உரிமையோடு பேசுகிறபோது வரும். ஆனால் செபப்புத்தகத்தில் நீர், உம்முடைய, உமக்கு. சென்னையில் வளர்ந்த என் பேத்தி, “தாத்தா, நீர்னா தண்ணிதானே” என்று கேட்டாள். அவளுக்கு அது புத்தகத்து மொழி. நமக்கு அப்படியா? “என்ன வே, நீரு எப்பம் வந்தீரு? வாரும், ஒரு தேயிலை குடிச்சிட்டுப் போவும்” என்று திருநெல்வேலிச் சீமையில் சோட்டுக்காரனிடம் பேசுகிற பேச்சு அல்லவா இது. மரியாதை உண்டு, தூரம் கிடையாது. பரலோகத்தில் இருக்கிறவரைக் கூப்பிடவும், கருவாட்டுச் சிப்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற மச்சானைக் கூப்பிடவும் எங்களுக்கு ஒரே வார்த்தைதான். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் உள்ள கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்காத ஒரு பாக்கியம் இது என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, சொல்லில் இருக்கிற இந்த நெருக்கம் நடைமுறையில் எங்கே போயிற்று?

நம் கரைக்குச் சவேரியார் வந்தது 1542-இல். அவர் வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே நம் முன்னோர்கள் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்கள். அதில் விசுவாசமும் இருந்தது, போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாதுகாப்பும் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. முத்துக்குளிக்கிற உரிமையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பரலோகத்து ஆண்டவரும் லிஸ்பன் நகரத்து ராசாவும் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள் என்று சொன்னால் யாரும் கோபிக்கக்கூடாது. இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க நம்மவர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்திருக்கும். பிரித்துப் பார்த்தவர் சவேரியார். 1544-இல் அவர் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களைப் பாருங்கள். போர்த்துக்கீசிய அதிகாரிகள் இந்த மக்களுக்குச் செய்த அநியாயங்களை நினைத்து அப்படி நொந்துகொள்கிறார்.

அவர் சாதாரண ஆள் இல்லை. பாப்பரசரின் தூதுவர் என்ற பத்திரம் கையில் இருந்தது. லிஸ்பனில் கப்பல் ஏறும்போது, துணி துவைக்கவும் சமைக்கவும் ஒரு வேலைக்காரனை வைத்துக்கொள்ளும், தூதுவர் தன் துணியைத் தானே துவைத்தால் மதிப்புக் குறைந்துபோகும் என்று ஒரு பிரபு வற்புறுத்தியதாகவும், இந்த மதிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் திருச்சபை இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று அவர் பதில் சொன்னதாகவும் அவர் வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். பிறகு இந்தக் கரையில் வந்து கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி, தானே மனப்பாடம் செய்த தமிழ் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். தமிழ் சரியாக வராது. தப்புத் தப்பாகப் பேசினால் பிள்ளைகள் சிரிக்கும். நாற்பதை நெருங்குகிற வயதில், பாரிஸ் பட்டணத்தில் படித்த மனிதர், சிறுபிள்ளைகள் முன்னால் தப்பாகத் தமிழ் பேச ஒத்துக்கொண்டார். எனக்கு அவர் செய்த புதுமைகளைவிட இது பெரிதாகப் படுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? திருவிழா வந்தால் பிளக்ஸ் போர்டில் ‘ராஜாதி ராஜா’ என்று மேலே போடுகிறோம். கீழே கமிட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர் கைகூப்பி நிற்கிறார்கள். ராஜா படம் சின்னது, கூப்பின கைகள் பெரிசு. அழைப்பிதழில் யார் பெயர் யாருக்கு மேலே என்று நடந்த சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை நான் அறிவேன். தேரும் வேண்டாம், கொடியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாளுக்குப் போகாமல் என்னால் இருக்க முடியாது. தங்கத் தேர் வருகிற வருஷம் என்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். என் சண்டை தேரோடு இல்லை. ஆண்டவர் ஒருவர்தான் என்று விசுவசித்தால் ஊரில் வேறு ஆண்டவர்கள் இருக்க முடியாதே என்பதுதான் என் கேள்வி. குருமாரைச் சாமி என்று கூப்பிடுகிறோம். கடவுளுக்கு வைத்த பெயர் அது. பழக்கத்தில் வந்துவிட்டது, மாற்ற முடியாது, நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் கூப்பிடுகிறவர்களும் கேட்டுக்கொள்கிறவர்களும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மத்தேயு 23-ஐ எடுத்து வாசிக்கலாம்.

கொம்புத்துறைக் கோயிலின் பாதுகாவலர் முடியப்பர். எஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று அர்த்தம், அதைத்தான் அழகாக முடியப்பர் என்று ஆக்கினார்கள். அந்த முடியப்பருக்குத் திருச்சபை முதலில் கொடுத்த வேலை என்ன? அப்போஸ்தலர் பணி 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதில் ஓரவஞ்சனை என்று முறையீடு வந்தது. அதைச் சரிபண்ணத் தேர்ந்தெடுத்த ஏழு பேரில் முதல் பெயர் இவருடையது. பெயரோ கிரீடம், வேலையோ பந்தி விசாரணை.

இனி கால் கழுவுகிற சடங்குக்கு வருகிறேன். இது ஆதிகாலம் முதல் எல்லாப் பங்குக் கோயில்களிலும் இப்படியே நடந்துவந்தது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 12-ஆம் பத்திநாதர் 1955-இல் பெரிய வாரச் சடங்குகளைத் திருத்தி அமைத்த பிறகுதான் இது பெரிய வியாழன் சாயங்காலப் பூசைக்குள்ளேயே வந்தது. 1956 முதல் நடைமுறை. பன்னிரண்டு ஆண்கள் என்பதுதான் ஒழுங்கு. பிறகு பிரான்சிஸ் பாப்பரசர் வந்தார். 2013-இல், பதவிக்கு வந்த சில நாட்களிலேயே, உரோமையில் இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவி முத்தமிட்டார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். உலகம் முழுக்கப் பேச்சாயிற்று. 2016-இல் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஆணையே வந்துவிட்டது. 2025 பெரிய வியாழன் அன்று, உடம்புக்கு முடியாத நிலையிலும் மறுபடி உரோமையில் ஒரு சிறைக்குப் போனார். இந்த வருஷம் கால் கழுவ முடியவில்லை, பக்கத்தில் இருக்கவாவது வந்தேன் என்ற கருத்தில் சொன்னார். நாலு நாள் கழித்து, பாஸ்காவுக்கு மறுநாள், இறந்துபோனார். அடக்கம் செய்தது புனித மரியா பேராலயத்தில். நம்ம பனிமய மாதா திருநாளுக்கு மூலமே அந்தக் கோயில்தான். கல்லறையில் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.

இப்போது என் கதை.

நான் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பி வந்த இரண்டாவது வருஷம். படித்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்று கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரை அழைத்து நாற்காலியில் வரிசையாக உட்காரவைக்கிற பொறுப்பு என்னுடையது. எல்லோரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வந்தார்கள். எல்லா வருஷமும் அப்படித்தான். சாமி தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் தெளிவாகவே தாம்பாளத்தில் விழும். கழுவின காலைத்தான் கழுவுகிறோம்.

அன்றைக்குப் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் எனக்கு மருமகன் முறை. கடலில் இஞ்சின் பழுதாகி, தாமதமாகக் கரை பிடித்திருக்கிறான். பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. நேரே வள்ளத்திலிருந்து ஓடி வந்தான். மடித்துக் கட்டின சாரம், தலையில் உப்பு, காலில் செதிலும் மண்ணும் கிரீசும். கோயில் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன வே இது கோலம்? வீட்டுக்குப் போயி காலைக் கழுவிட்டு வாரும்” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். “சரி மாமா” என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. கடைசி நிமிஷத்தில் கோயில்பிள்ளையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். சடங்கு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. சுவிசேஷம் வாசிக்கும்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இராத்திரி படுத்த பிறகுதான், கால் கழுவுகிற சடங்குக்கு வந்தவனைக் காலைக் கழுவிவிட்டு வா என்று அனுப்பினவன் நான் என்பது புரிந்தது. அன்றைக்கு அந்தக் கோயிலில் கழுவ வேண்டிய கால் அது ஒன்றுதான் இருந்தது.

அவனிடம் போய்ச் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், அது சுலபம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அவன் “வாரும் மாமா” என்பான், நானும் தலையாட்டுவேன். பேரன் திருமணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போனேன், அப்போதும் சொல்லவில்லை. படித்தவன், வயதில் மூத்தவன், மாமா முறை, நான் போய் அவனிடம் என்று ஒரு எண்ணம். இராயப்பரைப் பற்றி மேலே எழுதினேனே, அது புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை.

அன்றைக்குக் கடற்கரைப் பேச்சில் நான் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் அன்று கோயில் வாசலில் நின்றவர்கள்.

போன வாரம் போனேன். தூண்டில் வளைவுக் கல்லுக்கு இந்தப் பக்கம், ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நான் நின்றபடியே சொன்னேன், அந்தப் பெரிய வியாழக்கிழமை நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று. அவன் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தான்.

“அதா? அது எந்த வருசம்? இஞ்சின் போன அன்னைக்கா?” என்றான். “அன்னைக்கு அந்த இஞ்சினுக்கு எவ்வளவு செலவு தெரியுமா மாமா? கடன் அடைக்க ரெண்டு வருசம் ஆச்சு.” பிறகு டீசல் விலை, மகன் குவைத்திலிருந்து பணம் அனுப்பாதது, நிவாரணத்துக்கு மனு எழுத வேண்டியது என்று பேச்சு அவன் பக்கம் போய்விட்டது. மறந்துவிட்டானா, எனக்காக மறந்ததுபோல் பேசினானா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுத உட்கார இடம் தேடினேன். கீழே மண் ஈரமாகக் கிடந்தது. அவன் எழுந்து, வள்ளத்துக்குள் கிடந்த ஒரு பலகையை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, என் முன்னால் போட்டான்.

“நீரு இதுல இரும் மாமா,” என்றான். “செருப்பைக் கழட்டிட்டுக் காலை மேல தூக்கி வையும். ஈரத்துல வச்சா உமக்குச் சேராது.”